பட்டும் சரிகையும் கற்பிக்கும் மின்சாரப் பாடம்

நம் ஊர்ப் பட்டுப்புடவை ஒன்றை விரித்து வைத்து உற்று நோக்குவோம். அதில் இருவகை இழைகள் உள்ளன. உடல் முழுவதும் ஓடுவது பட்டு. கரையிலும் முந்தானையிலும் மின்னுவது சரிகை. புடவை வாங்க வருபவர் நிறத்தையும் விலையையும் பார்ப்பார். இயற்பியல் படிக்கும் மாணவி இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உலர்ந்த பட்டு மின்சாரத்தைத் தன் வழியே செல்ல விடாது. வெள்ளிச் சரிகை தாராளமாகச் செல்ல விடும். காப்புப் பொருளும் கடத்தியும் ஒரே புடவையில் அருகருகே இருக்கின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள ஐயம்பேட்டையில், தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மின்சாரப் பாடம் என்றதும் நம்மில் பலர் அஞ்சுகிறோம். சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எண்களைப் பொருத்தி, விடை எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். பின்பு வீட்டிற்குச் சென்று ஈரக்கையால் சுவிட்சைத் தொடுகிறோம்! வகுப்பில் போட்ட கணக்கு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அக்கணக்கை வீட்டிற்குள்ளும், தறிக்குழி வரையிலும் அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாயக்காரர் கண்ட உண்மை

இங்கிலாந்து நாட்டில் கான்டர்பரி என்னும் ஊரில் சாயத்தொழில் செய்தவர் ஸ்டீபன் கிரே. நம் ஊரில் நூலுக்குச் சாயம் தோய்ப்பவர்களைப் போன்ற ஒரு தொழிலாளி. அவருக்கு அறிவியலில் தீராத ஆர்வம். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் அது இலேசான பொருள்களை ஈர்க்கும் என்பது அக்காலத்தில் தெரிந்திருந்தது. அந்த ஈர்க்கும் ஆற்றலை ஒரு கயிற்றின் வழியே தொலைவிற்கு அனுப்ப முடியுமா என்று கிரே ஆராய்ந்தார்.

1729-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தம் நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகையில் நீண்ட கயிறு ஒன்றைக் கிடையாகக் கட்டினார்கள். அதைத் தாங்குவதற்கு மெல்லிய பட்டு நூல்களைப் பயன்படுத்தினார்கள். ஒரு முனையில் கண்ணாடிக் குழாயைத் தேய்த்து வைத்தபோது, மறுமுனையில் கட்டியிருந்த தந்தப் பந்து மெல்லிய பித்தளைத் தகடுகளை ஈர்த்தது. மகிழ்ச்சியுடன் கயிற்றின் நீளத்தைக் கூட்டினார்கள். பாரம் தாங்காமல் பட்டு நூல் அறுந்தது. அதற்குப் பதிலாக, வலிமை மிக்க பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். எவ்வளவு தேய்த்தும் மறுமுனையில் ஈர்ப்பே இல்லை! மின்சாரம் முழுவதும் பித்தளைக் கம்பி வழியாகத் தாங்கிகளுக்கும் கட்டடத்திற்கும் ஓடிவிட்டது.

தாங்கும் இழை மெல்லியதா தடித்ததா என்பது இங்கே முக்கியமன்று, அது எப்பொருளால் ஆனது என்பதே முக்கியம் என்று அவர்கள் உணர்ந்தார்கள். கடத்தி, காப்புப் பொருள் என்னும் பாகுபாடு இவ்வாறு பிறந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது பட்டு நூல் என்பது நெசவாளர் ஊராகிய நமக்குப் பெருமையன்றோ! 1731-இல் இலண்டன் இராயல் கழகத்தின் முதல் காப்ளி பதக்கம் கிரே அவர்களுக்கு வழங்கப்பட்டது. பின்னாளில் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, தம் மின்காந்தங்களில் செப்புக் கம்பியின் சுற்றுகள் ஒன்றோடொன்று தொடாதிருக்கப் பட்டு நூலையே கம்பியின் மேல் சுற்றினார்.

இதே உண்மையை நாமும் எளிதில் சோதிக்கலாம். டார்ச் விளக்கின் மின்கலம் ஒன்று, சிறு பல்பு ஒன்று, ஒயர் துண்டுகள் இரண்டு ஆகியவற்றால் ஒரு சுற்று அமைத்து, நடுவில் சிறிது இடைவெளி விடுவோம். இடைவெளியில் பட்டு நூலை வைத்தால் பல்பு எரியாது. அசல் வெள்ளிச் சரிகையில் விரலளவு வைத்தால் எரியும். சரிகை என்பது பட்டு இழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. வெள்ளியை விடச் சிறந்த கடத்தி உலோகங்களுள் வேறில்லை. ஆயினும் பல்பு எரிந்ததைக் கொண்டு சரிகை அசல் என்று முடிவு செய்துவிடக் கூடாது. செம்பும் ஏறக்குறைய வெள்ளியைப் போலவே கடத்தும். மின்கலம் உலோகத்தைக் காட்டுமேயன்றி அதன் விலையைக் காட்டாது!

ஓர் எச்சரிக்கை: இச்சோதனையை மின்கலத்தைக் கொண்டு மட்டுமே செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கொண்டு ஒருபோதும் செய்யலாகாது.

மூவர் தந்த மூன்று அளவைகள்

மின்சுற்றுக் கணக்குகள் யாவும் மூன்று அளவுகளைச் சுற்றியே அமைகின்றன.

முதலாவது மின்னழுத்தம். மாடியில் உள்ள தொட்டியின் உயரம் குழாய் நீரைத் தள்ளுவது போல, மின்னழுத்தம் மின்னூட்டங்களைத் தள்ளுகிறது. இதன் அலகு வோல்ட். 1800-ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைப் பற்றி உலகிற்கு அறிவித்த இத்தாலியரான அலெசாண்ட்ரோ வோல்டாவின் பெயரால் அமைந்தது.

இரண்டாவது மின்னோட்டம். ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடந்து செல்கிறது என்பதே அது. இதன் அலகு ஆம்பியர். பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே மரி ஆம்பியர் ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. பாரீஸ் நகரில் படிக்க வந்த பிரெடெரிக் ஓசானாம் என்னும் இளைஞர் அவர் வீட்டில் தங்கியிருந்தார். 1833-இல் புனித வின்சென்ட் தே பவுல் சபை தோன்றக் காரணமான ஓசானாம் அவரே. ஏழைகளின் வீடு தேடிச் செல்லும் அச்சபையை நாம் அறிவோம். அறிவியலும் அன்புப் பணியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் மகிழ்கிறது.

மூன்றாவது மின்தடை. மின்னோட்டத்திற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு. இதன் அலகு ஓம். ஜெர்மன் நாட்டுப் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனான ஜார்ஜ் சைமன் ஓம், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். 1827-இல் அவர் வெளியிட்ட நூலுக்குத் தொடக்கத்தில் தக்க வரவேற்பு கிடைக்கவில்லை. 1841-இல் அதே காப்ளி பதக்கம் அவரைத் தேடி வந்தது. சாயக்காரரும் பூட்டுத் தொழிலாளியின் மகனும் ஒரே பதக்கத்தைப் பெற்றார்கள்.

ஓம் விதி இதுதான். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

இத்துடன் இன்னும் ஒன்றை நினைவில் கொண்டால் போதும்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

திறனின் அலகு வாட். பல்பு, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றிற்கு வீட்டு மாறுமின்னோட்டத்திலும் இக்கணக்குகள் அப்படியே பொருந்தும்.

எளிய எடுத்துக்காட்டு: டார்ச் விளக்கில் இரண்டு மின்கலங்கள், மொத்தம் 3 வோல்ட். பல்பின் தடை 10 ஓம். மின்னோட்டம் = 3 ÷ 10 = 0.3 ஆம்பியர். திறன் = 3 × 0.3 = 0.9 வாட்.

ஊடையும் பாவும்

தடைகளை இருவகையாக இணைக்கலாம். தறியைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

நாடாவிலிருந்து வரும் ஊடை நூல் ஒரே இழை. இப்புறமும் அப்புறமும் சென்று வந்தாலும் அது ஒரே தொடர்தான். ஓரிடத்தில் அறுந்தால் நெசவு நின்றுவிடும். தொடர் இணைப்பும் இத்தகையதே. ஒரே வழி, எல்லாத் தடைகளிலும் ஒரே மின்னோட்டம், மின்னழுத்தம் மட்டும் பங்கிடப்படும். மொத்தத் தடை, தனித்தனித் தடைகளின் கூட்டுத்தொகை.

பாவு இழைகளோ பல. எல்லாம் ஒரே பாவு உருளையில் தொடங்கி ஒரே புடவையில் முடிகின்றன. ஓர் இழை அறுந்தாலும் மற்றவை அறுவதில்லை. பக்க இணைப்பும் இவ்வாறே. எல்லாவற்றிற்கும் ஒரே மின்னழுத்தம். மின்னோட்டம் மட்டும் பிரிந்து செல்லும். மொத்தத் தடையின் தலைகீழி, தனித்தனித் தடைகளின் தலைகீழிகளின் கூட்டுத்தொகை. நம் வீட்டு விளக்குகள் யாவும் பக்க இணைப்பிலேயே உள்ளன. ஆகையால்தான் அடுக்களை விளக்கை அணைத்தாலும் தறி விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

கணக்கு 1: 230 வோல்ட் மின்சாரத்தில் 60 வாட் பல்பு ஒன்றும் 100 வாட் பல்பு ஒன்றும் தொடராக இணைக்கப்பட்டால் எது அதிக ஒளி தரும்?

"நூறு வாட்" என்று உடனே கூறுவோம். கணக்கிட்டுப் பார்ப்போம். தடை = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ திறன். 60 வாட் பல்பின் தடை 52,900 ÷ 60 = 882 ஓம். 100 வாட் பல்பின் தடை 529 ஓம். மொத்தம் 1,411 ஓம். மின்னோட்டம் 230 ÷ 1,411 = 0.163 ஆம்பியர். திறன் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது. எனவே 60 வாட் பல்பில் சுமார் 23 வாட். 100 வாட் பல்பில் சுமார் 14 வாட் மட்டுமே. அறுபதுதான் பிரகாசிக்கும்! (இழை சூடு குறைந்தால் தடையும் குறையும். இங்கே தடை மாறாது எனக் கொண்டோம்.) பல்பின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, அதற்கு முழு 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே உண்மை. தேர்வில் பலர் தவறு செய்யும் இடம் இது.

குடிலின் சர விளக்குகள்

கிறிஸ்து பிறப்பு விழாவில் குடிலை அலங்கரிக்கவும், ஊர்த் திருவிழாக்களில் பந்தலை அலங்கரிக்கவும் சீரியல் விளக்குகள் கட்டுகிறோம். 6 வோல்ட் சிறு பல்புகளை ஏன் 230 வோல்ட்டில் எரிக்க முடிகிறது? 38 பல்புகள் தொடராக இருந்தால் 38 × 6 = 228. ஒவ்வொரு பல்பும் தன் பங்கான 6 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. ஒரு பல்பின் தடை 60 ஓம் என்க. மொத்தம் 2,280 ஓம். மின்னோட்டம் ஏறக்குறைய 0.1 ஆம்பியர்.

ஒரு பல்பு கெட்டால் சரம் முழுவதும் அணைந்துவிடும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? "ஆறு வோல்ட் பல்புதானே" என்று எண்ணி, சுவிட்சை அணைக்காமலேயே பல்பைக் கழற்றி, ஹோல்டரில் விரலை வைக்கிறோம். இங்கேதான் ஓம் விதி நம்மைத் தடுத்து நிறுத்த வேண்டும். சுற்று அறுந்தபோது மின்னோட்டம் சுழி. மின்னோட்டம் சுழி என்றால் மற்ற 37 பல்புகளில் எதிலும் மின்னழுத்த வீழ்ச்சி இல்லை. அப்படியானால் 230 வோல்ட் எங்கே போயிற்று? அந்த வெறும் ஹோல்டரின் இரு முனைகளுக்கு இடையே முழுவதுமாகக் காத்திருக்கிறது!

ஈர விரலின் தடை 1,000 ஓம் என்று கொண்டால், மொத்தத் தடை 2,220 + 1,000 = 3,220 ஓம். மின்னோட்டம் 0.071 ஆம்பியர், அதாவது 71 மில்லி ஆம்பியர். இது உயிருக்கு ஆபத்தான அளவு. இக்காலத்து எல்.இ.டி. சரங்களிலும் பல, வீட்டு மின்சாரத்தில் தொடராகவே இணைக்கப்படுகின்றன. ஆகவே முதலில் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே சரத்தைத் தொட வேண்டும்.

தறி வீட்டின் மின் கட்டணம்

மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்குவதற்கான ஆற்றல். தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அளவு எடுக்கிறார்கள். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு இலவசமாக வழங்கப்படும் மின்சாரம் 2016-இல் 200 யூனிட்டாகவும், 2023-இல் 300 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. அந்த எல்லைக்குள் நிற்க நம் கணக்கு உதவும்.

கணக்கு 2: தறி வீட்டில் நான்கு 60 வாட் பல்புகள் நாள்தோறும் 8 மணி நேரம் எரிகின்றன. 60 நாட்களுக்கு எத்தனை யூனிட்?

4 × 60 × 8 × 60 ÷ 1,000 = 115.2 யூனிட். ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புகளானால் 4 × 9 × 8 × 60 ÷ 1,000 = 17.28 யூனிட். மிச்சம் 97.92 யூனிட். தார் சுற்ற 100 வாட் மோட்டார் ஒன்றை நாள்தோறும் 4 மணி நேரம் ஓட்டினால் 24 யூனிட்டே ஆகும். விளக்கில் மிச்சமானதைக் கொண்டு அத்தகைய மோட்டார்கள் நான்கை ஓட்டலாம்! இந்தக் கணக்கைப் போட்டுத் தந்தையாரிடம் காட்டும் மகளின் படிப்பு அன்றே பயன் தந்துவிட்டதல்லவா?

சுருட்டிய ஒயரின் சூடு

ஒயருக்கும் தடை உண்டு. நீளம் கூடினால் தடை கூடும். பருமன் கூடினால் தடை குறையும். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செப்புக் கம்பியின் தடை 0.0172 ஓம்.

கணக்கு 3: வெந்நீர் வைக்கும் 1,500 வாட் ஹீட்டர் ராடு, 20 மீட்டர் நீளமுள்ள, அரை சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரில் இணைக்கப்படுகிறது. ஒயரில் எவ்வளவு வெப்பம் தோன்றும்?

மின்சாரம் போகவும் வரவும் வேண்டும். எனவே கம்பியின் நீளம் 40 மீட்டர். தடை = 0.0172 × 40 ÷ 0.5 = 1.4 ஓம். ராடின் தடை 52,900 ÷ 1,500 = 35.3 ஓம். இரண்டும் தொடர் இணைப்பு. மின்னோட்டம் = 230 ÷ 36.7 = 6.27 ஆம்பியர். ஒயரில் தோன்றும் வெப்பம் = 6.27 × 6.27 × 1.4 = சுமார் 55 வாட்.

விரித்த ஒயரில் இவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். மிகுதி ஒயரைச் சுருட்டிக் கட்டி மூலையில் வைத்தால், ஏறக்குறைய ஒரு 60 வாட் பல்பை அச்சுருளுக்குள் மூடி வைத்ததற்கு ஒப்பாகும். மேலுறை இளகும். அருகே பட்டு நூல் கழிகளோ துணியோ இருந்தால் விளைவை நாமே ஊகிக்கலாம்.

தறிக்குழியில் ஒரு கணக்கு

இப்போது இக்கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருகிறோம்.

குழித்தறியில் அமர்பவரின் கால்கள் தரைமட்டத்திற்குக் கீழே, மிதிபலகையின் மேல் இருக்கின்றன. மழைக்காலத்தில் குழி ஈரமாகும். தலைக்கு மேலே விளக்கு. பக்கத்தில் தார் சுற்றும் மோட்டார். அதன் இரும்பு உடலில் மின்சாரம் கசிந்தால் என்ன ஆகும்?

உலர்ந்த தோலின் தடை சுமார் 1,00,000 ஓம் வரை இருக்கலாம். அப்போது மின்னோட்டம் 230 ÷ 1,00,000 = 0.0023 ஆம்பியர், அதாவது 2.3 மில்லி ஆம்பியர். சுருக்கென்று இருக்கும், கையை இழுத்துக்கொள்வோம். ஈரத்தோலில் தடை 1,000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடும். அப்போது 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மூச்சு தடைப்படலாம். 100 மில்லி ஆம்பியர் சில நொடிகள் பாய்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். மின்னழுத்தம் அதே 230 வோல்ட்தான். நம்மை இரண்டு நிலைகளிலும் வேறுபடுத்தியது ஈரம் ஒன்றே. பட்டும் அப்படித்தான். உலர்ந்திருந்தால் காப்பு, சாயத்தில் நனைந்திருந்தால் காப்பு இல்லை.

"பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்கலாம். 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5 ஆம்பியருக்கு மேல் சென்றால் மட்டுமே உருக வேண்டியது. நம் உடலில் பாய்ந்தது 0.23 ஆம்பியர். பியூஸ் கம்பிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பியூஸ் ஒயரைக் காக்கிறது. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று.

அடுத்தது எர்த் எனப்படும் புவி இணைப்பு. மோட்டாரின் இரும்பு உடலை ஒரு கம்பியால் பூமியோடு இணைக்கிறோம். கசிவு மின்சாரம் செல்லும் அப்பாதையின் மொத்தத் தடை 2 ஓம் என்க. மின்னோட்டம் 230 ÷ 2 = 115 ஆம்பியர். பியூஸ் நொடியில் உருகி, மின்சாரம் துண்டிக்கப்படும். நல்லது. ஆனால் புவி இணைப்புக் குழியில் பல ஆண்டுகளாகத் தண்ணீர் ஊற்றாமல் மண் காய்ந்து, தடை 50 ஓமாக உயர்ந்துவிட்டது என்க. இப்போது மின்னோட்டம் 230 ÷ 50 = 4.6 ஆம்பியர். பியூஸ் உருகாது! எர்த் இருந்தும், மோட்டாரின் உடலில் மின்சாரம் நிலைத்து நிற்கிறது.

அந்நேரத்தில் ஈரக்கையுடன் ஒருவர் அதைத் தொடுகிறார். 50 ஓமும் 1,000 ஓமும் பக்க இணைப்பு. தலைகீழிகளைக் கூட்டினால் மொத்தத் தடை 47.6 ஓம். மொத்த மின்னோட்டம் 230 ÷ 47.6 = 4.83 ஆம்பியர். இப்போதும் 5 ஆம்பியரைத் தொடவில்லை! பியூஸ் அமைதியாக இருக்க, தொட்டவர் உடலில் 230 மில்லி ஆம்பியர் பாய்ந்துகொண்டிருக்கும். பக்க இணைப்புக் கணக்கைப் புத்தகத்தில் போடும்போது அதன் ஒரு கிளையில் மனித உடல் இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இதற்கும் வழி உண்டு. கசிவு மின்துண்டிப்பான் என்னும் கருவி அது. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். கருவிகளுக்குப் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். போனதில் 30 மில்லி ஆம்பியர் திரும்பி வரவில்லை என்றால், அது வேறு வழியாகப் பூமிக்குச் செல்கிறது என்று பொருள். உடனே, ஒரு நொடியில் சிறு பங்கிற்குள், மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நலம்.

பியூஸ் ஒயருக்கு, எர்த் கருவியின் உடலுக்கு, துண்டிப்பான் மனித உயிருக்கு. மூன்றும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

வீட்டில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பியூஸ் போனால் சரியான அளவுக் கம்பியையே போடச் சொல்வோம். தடித்த செப்புக் கம்பியைப் போடுவது காவற்காரனைத் தூங்க வைப்பதற்குச் சமம்.

2. துணி உலர்த்தும் இரும்புக் கம்பியை மின் இணைப்பு வரும் ஒயருக்கு அருகில் கட்டக் கூடாது. ஒயரின் மேலுறை தேய்ந்தால் கம்பி முழுவதும் மின்சாரம் பாயும். நைலான் கயிறு போதும்.

3. ஹீட்டர் ராடு தண்ணீரில் இருக்கும்போது நீரைத் தொட்டுச் சூடு பார்க்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்பே தொட வேண்டும்.

4. மூன்று முள் பிளக்கில் மேலே உள்ள பெரிய முள்தான் எர்த். அதை உடைத்துவிட்டு இரண்டு முள் துளையில் செருகுவது, நம்மைக் காக்கும் வழியை நாமே அடைப்பதாகும்.

5. மின்சாரம் பாய்ந்து ஒருவர் ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்கக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். இயலாவிடில் உலர்ந்த பலகையின்மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்க வேண்டும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தெருவில் அறுந்து விழுந்த மின்கம்பியை எதனாலும் தொடாமல், எட்ட நின்று மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

தேர்வு எழுதுவோர்க்கு

முதலில் சுற்றின் படத்தை வரையுங்கள். மில்லி ஆம்பியரை ஆம்பியராகவும், கிலோ ஓமை ஓமாகவும் மாற்றிய பின்பே சூத்திரத்தில் இடுங்கள். யூனிட் கணக்கில் நிமிடங்களை மணியாக மாற்ற மறவாதீர்கள். பக்க இணைப்பில் மொத்தத் தடை, மிகச் சிறிய தடையை விடவும் குறைவாகவே வரும். அவ்வாறு வராவிட்டால் தலைகீழியைத் திருப்ப மறந்துவிட்டீர்கள் என்று பொருள். விடையின் அருகே அலகை எழுதுங்கள்.

பயிற்சிக் கணக்குகள்

1. 6 ஓம், 3 ஓம் தடைகள் பக்க இணைப்பிலும், அவற்றோடு 4 ஓம் தடை தொடர் இணைப்பிலும் உள்ளன. 12 வோல்ட் மின்கல அடுக்குடன் இணைத்தால் மொத்த மின்னோட்டம் எவ்வளவு? 6 ஓம் தடையில் பாய்வது எவ்வளவு?

2. 750 வாட் இஸ்திரிப் பெட்டி நாள்தோறும் 20 நிமிடம் பயன்படுகிறது. 60 நாட்களுக்கு எத்தனை யூனிட்?

3. ஒரு வீட்டின் எர்த் பாதையின் தடை 40 ஓம். 230 வோல்ட்டில் கசிவு ஏற்பட்டால் 10 ஆம்பியர் பியூஸ் உருகுமா? 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் செயல்படுமா?

விடைகள்: 1. மொத்தத் தடை 6 ஓம்; 2 ஆம்பியர்; 6 ஓம் தடையில் 0.67 ஆம்பியர். 2. 15 யூனிட். 3. கசிவு 5.75 ஆம்பியர், பியூஸ் உருகாது, துண்டிப்பான் செயல்படும்.

அன்பார்ந்த சகோதரிகளே! மூன்றாம் கணக்கின் விடையை எழுதியதும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் மீட்டர் பலகையைப் பெற்றோருடன் சேர்ந்து பாருங்கள். கையால் எதையும் தொட வேண்டாம்; பார்த்தால் போதும். துண்டிப்பான் இருக்கிறதா? எர்த் கம்பி அறுந்திருக்கிறதா? பிளக்குகளில் மூன்று முள்ளும் உள்ளனவா? குறை இருந்தால் தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்லுங்கள்.

நமக்காகத் தறிக்குழியில் நாள் முழுவதும் கால் வைத்து உழைக்கும் பெற்றோரின் உயிர் விலைமதிப்பற்றது. இறைவன் நமக்குத் தந்த அறிவை அவர்களைக் காக்கப் பயன்படுத்துவோம். அதுவே நாம் கற்ற பாடத்திற்கு நாம் எழுதும் சரியான விடை.